மார்கோ போலோ சொன்னதில் எது உண்மை, எது அளந்துவிட்டது? பாண்டிய நாட்டுப் பக்கங்கள் சொல்லும் பதில்

பல்லி சத்தம் போட்டால் அது எந்தத் திசையில் இருந்து வந்தது என்று பார்த்துப் பலன் சொல்வது நம்ம வீடுகளில் இன்னும் இருக்கிற பழக்கம். சுமார் 730 வருடங்களுக்கு முன்னால், இத்தாலியின் வெனிஸ் நகரத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரி இதைக் கவனித்திருக்கிறார். சுவரில் ஊரும் அந்தப் பிராணி எந்தப் பக்கம் குரல் கொடுக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே உள்ளவர்கள் பேரத்தை முடிப்பார்கள் அல்லது கைவிடுவார்கள் என்று அவருடைய புத்தகம் சொல்கிறது. கிழமைக்குக் கிழமை மாறுகிற ஒரு கெட்ட நேரம் உண்டு, அந்த நேரத்தில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது.

அவர் பெயர் மார்கோ போலோ. பாண்டியர்கள் பற்றிய வரலாற்றுப் பாடத்தில் காயல் துறைமுகம் வரும்போது இவர் பெயரும் சேர்ந்து வரும், ஞாபகம் இருக்கலாம்.

இதே ஆள், இதே புத்தகத்தில், சீனாவின் ஒரு கோட்டை நகரத்தைத் தன் குடும்பம் செய்துகொடுத்த கல்லெறி பொறிகளை வைத்துத்தான் மங்கோலியர்கள் பிடித்தார்கள் என்கிறார். அந்த நகரம் விழுந்தபோது அவர் சீனாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

அப்போ இவரை நம்புறதா, வேண்டாமா? அவர் உயிரோடு இருந்தபோதே ஆரம்பித்த கேள்வி இது. இன்னும் ஓயவில்லை.

வீட்டைவிட்டுப் போன 17 வயதுப் பையன்

மார்கோ 1254-ல் பிறந்தார். அப்பா நிக்கோலோவும் சித்தப்பா மஃபேயோவும் நகை, ரத்தின வியாபாரத்துக்காகக் கிழக்கே போனவர்கள். போனவர்கள் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அரசவை வரைக்கும் போய்விட்டு, 1269-ல்தான் திரும்பினார்கள். அதற்குள் மார்கோவின் அம்மா இறந்துவிட்டார். அப்பாவை நினைவு தெரிந்து முதல் தடவையாக மார்கோ பார்த்தது 15 வயதில்தான்.

கிறிஸ்தவ மதம் அறிந்த 100 அறிஞர்களையும், ஜெருசலேம் புனிதக் கல்லறையில் எரியும் விளக்கின் எண்ணெயையும் கொண்டுவரச் சொல்லி குப்ளாய் கேட்டிருந்தார். கிடைத்தது என்னவோ இரண்டு துறவிகள். அவர்களும் பாதி வழியில் பயந்து திரும்பிவிட்டார்கள். 1271-ல் அப்பா, சித்தப்பாவோடு கிளம்பிய மார்கோ, பாரசீகம், பாமீர் மலை, கோபி பாலைவனம் என்று சுமார் மூன்றரை வருடம் பயணம் செய்து 1275 வாக்கில் குப்ளாயின் கோடைக்கால அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு 17 வருடம் அங்கேயே வாழ்க்கை.

இந்த 17 வருடத்தில் அவர் சரியாக என்ன வேலை பார்த்தார் என்பதுதான் சிக்கலான இடம். அதற்குப் போவதற்கு முன்னாடி, இந்தப் புத்தகம் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஏன்னா, இதை எழுதியவர் மார்கோ போலோ இல்லை.

சிறையில் கிடைத்த எழுத்தாளர்

1295-ல் வெனிஸ் திரும்பிய மார்கோ, கொஞ்ச நாளிலேயே வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த போரில் பிடிபட்டு ஜெனோவாவில் அடைக்கப்பட்டார். 1298-ல் அங்கே அவரோடு இருந்த கைதி, பைசா நகரத்து ருஸ்டிசெல்லோ. 1284-ல் மெலோரியா கடற்போரில் பிடிபட்டு, பல வருடமாகச் சிறையிலேயே கிடந்தவர் என்று கருதப்படுகிறது. அவருடைய தொழில், ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றிய சாகசக் கதைகள் எழுதுவது.

மார்கோ சொன்னார், ருஸ்டிசெல்லோ எழுதினார். பிரெஞ்சும் இத்தாலியமும் கலந்த ஒரு நடையில். இன்றைய பாஷையில் சொன்னால் கோஸ்ட் ரைட்டர். அதுவும் செய்தியாளர் இல்லை, மசாலா கதாசிரியர். புத்தகத்தின் தொடக்கத்தில் மன்னர்களையும் பிரபுக்களையும் அழைத்துப் பேசும் பத்தி, ருஸ்டிசெல்லோ முன்பு எழுதிய ஆர்தர் கதையின் தொடக்கத்தைப் போலவே இருக்கிறது. போர்க் காட்சிகள் பலவும் ஒரே அச்சு: இரண்டு படையும் எதிரெதிரே நிற்கும், முரசு முழங்கும், அம்புகள் வானத்தை மறைக்கும். ஊரும் பெயரும்தான் மாறும்.

இதைச் சுயசரிதை என்று சொல்வதே கொஞ்சம் இடிக்கும். அதன் பழைய தலைப்பே உலகத்தின் வர்ணனை என்ற பொருளில்தான் இருக்கிறது. மார்கோ எங்கே சாப்பிட்டார், யாரிடம் சண்டை போட்டார், எதற்கு அழுதார் என்று எதுவும் கிடையாது. ஒரு ஊர், அங்கே என்ன விளையும், என்ன விலை, யாரைக் கும்பிடுவார்கள், அடுத்த ஊர் எத்தனை நாள் தூரம்... பெரும்பாலும் இப்படித்தான் போகும். எப்போதாவதுதான் மார்கோ எட்டிப் பார்ப்பார். அப்படி எட்டிப் பார்க்கும்போதுதான் பிரச்சினையும் வருகிறது.

மூல கையெழுத்துப் பிரதி இப்போது இல்லை. பிரதிகளும் மொழிபெயர்ப்புகளுமாகச் சுமார் 150 மிஞ்சியிருக்கின்றன. ஒன்று போல் ஒன்று இல்லை.

மாட்டிக்கொண்ட இடங்கள்

முதலில் அந்தக் கல்லெறி பொறி. ஷியாங்யாங் நகரத்தை மங்கோலியர்கள் வருடக்கணக்கில் முற்றுகையிட்டு, 1273 தொடக்கத்தில் பிடித்தார்கள். பெரிய கல்லெறி பொறிகள் வந்த பிறகுதான் நகரம் பணிந்தது என்பது உண்மை. ஆனால் அதைச் செய்தவர்கள் பாரசீகத்தில் இருந்து வரவழைக்கப்பட்ட இஸ்மாயில், அலாவுதீன் என்ற இரண்டு பொறியாளர்கள் என்று சீன வரலாற்றுப் பதிவுகள் பெயரோடு சொல்கின்றன. போலோக்கள் அப்போது வழியில் இருந்தார்கள். இதில் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தது யாங்சோ. இந்தப் பெரிய நகரத்தை மூன்று வருடம் மார்கோ ஆட்சி செய்தார் என்கிறது புத்தகம். அந்த ஊரின் அதிகாரிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இங்கே மட்டும் அவருக்குச் சாதகமாக ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. ஒரு பிரதியில் ஆண்டார் என்பதற்குப் பதிலாகத் தங்கினார் என்று இருக்கிறது. பிரெஞ்சில் இரண்டு சொல்லும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், நகல் எடுத்தவரின் கை நழுவியிருக்கலாம். இல்லை, வாடகைக்கு இருந்தவர் ஓனர் என்று சொல்லிக்கொண்ட கதையாகவும் இருக்கலாம்.

பிறகு எண்ணிக்கைகள். இன்றைய ஹாங்சோ நகரத்தில் 12,000 பாலங்கள் இருந்தன என்கிறார். ஊருக்கு உள்ளேயும் வெளியேயும் சேர்த்தால்கூட சில நூறுதான் தேறும். வெனிஸ்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லியனே. எதற்கெடுத்தாலும் லட்சம், கோடி என்று பேசியதால் வந்தது என்பது ஒரு விளக்கம். எமிலியோனே என்ற குடும்பப் பெயரின் சுருக்கம் என்பது இன்னொரு விளக்கம். முதல் விளக்கம்தான் மக்கள் மனதில் நின்றது. நிற்கத்தானே செய்யும்!

சீனாவுக்கே போகவில்லையா?

1995-ல் பிரிட்டிஷ் நூலகத்தின் சீனப் பிரிவைச் சேர்ந்த பிரான்சிஸ் வுட், மார்கோ போலோ சீனாவுக்குப் போனாரா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, குச்சியால் சாப்பிடுவது இல்லை, பெண்களின் பாதங்களை இறுக்கிக் கட்டும் வழக்கம் இல்லை, சீனப் பெருஞ்சுவர் இல்லை. ஊர்ப் பெயர்கள்கூடப் பாரசீக உச்சரிப்பில் இருக்கின்றன. கருங்கடல் பக்கம் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, பாரசீக வியாபாரிகளிடம் கேட்டதைச் சொல்லியிருப்பார் என்பது அவருடைய சந்தேகம்.

கேட்க வலுவான வாதம்தான். ஆனால் இன்று படங்களில் பார்க்கும் அந்தப் பெருஞ்சுவர், மங்கோலியர்களுக்குப் பிறகு வந்த மிங் வம்சம் கட்டியது. மார்கோ புழங்கியது மங்கோலியர்கள், துருக்கியர்கள், பாரசீகர்கள் நடுவில். அந்த வட்டத்தின் பொது மொழி பாரசீகம். டெல்லியில் வெறும் ஆங்கிலம் பேசிக்கொண்டே 17 வருடம் ஓட்டிய வெளிநாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள், ஊர்ப் பெயர் எல்லாம் அவர் வாயில் எப்படி வரும்?

அதைவிட முக்கியம், அவர் சரியாகச் சொன்னவை. முசுக்கொட்டை மரத்தின் உட்பட்டையில் இருந்து காகிதப் பணம் செய்வது, அதில் சிவப்பு முத்திரை குத்துவது, கிழிந்த நோட்டைக் கொடுத்துப் புதிது வாங்க 3 சதவீதம் கட்டணம். சீன ஆவணங்களில் இருக்கும் கட்டணமும் அதேதான். ஜெர்மன் அறிஞர் ஹான்ஸ் உல்ரிச் ஃபோகல் 2012-ல் வெளியிட்ட ஆய்வு நூல் முழுக்க இதைப் பற்றித்தான்: பணம், உப்பு, வரி வருமானம். இந்த விவரங்களை இவ்வளவு துல்லியமாக அந்தக் காலத்து வேறு எந்த மேற்கத்தியரோ அரபு, பாரசீக எழுத்தாளரோ தரவில்லை என்று காட்டுகிறார்.

இன்னொரு ஆதாரம், எனக்கு ரொம்பப் பிடித்தது. பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் அர்கூனுக்கு மனைவியாக கோகாசின் என்ற இளவரசியைக் கடல் வழியே அழைத்துப்போகும் குழுவில் தாங்களும் சேர்ந்து ஊர் திரும்பியதாக மார்கோ சொல்கிறார். பெண் கேட்டு வந்திருந்த மூன்று தூதர்களின் பெயரையும் தருகிறார். 1941-ல் யாங் ஜிஜியூ என்ற சீன வரலாற்றாசிரியர், மிங் காலத்துப் பெரிய தொகுப்பு ஒன்றில் புதைந்திருந்த ஒரு அரசாங்கக் குறிப்பைக் கண்டெடுத்து வெளியிட்டார். 1290-ஆம் வருடத்தைச் சேர்ந்தது. விஷயம் வெறும் ரேஷன்: மூன்று தூதர்களோடு போகும் 160 பேரில் 90 பேருக்கு மட்டும் உணவு ஒதுக்கினால் போதும், மற்ற 70 பேருக்குத் தரத் தேவையில்லை. அதில் இருக்கும் மூன்று பெயர்களும் மார்கோ சொன்ன அதே பெயர்கள். மார்கோவின் பெயர் அதில் இல்லை. ஆனால் சீன அதிகாரிகளின் கோப்பில் இருந்த மூன்று பெயர்களை வெனிஸ்காரர் ஒருவர் சும்மா ஊகித்திருக்க முடியாது.

அந்தக் குறிப்பில் பயணப் பாதையும் இருக்கிறது. தூதர்கள் மாபார் வழியாகப் போக வேண்டும். அரபு வணிகர்கள் மாபார் என்று அழைத்தது நம்ம சோழமண்டல, பாண்டிய நாட்டுக் கரையைத்தான்.

இப்போ நம்ம ஊர்ப் பக்கங்கள்

மார்கோ போலோவைச் சோதிக்க மற்றவர்களுக்கு ஆவணம் தேவை. தமிழ் வாசகருக்கு ஒரு சௌகரியம், இந்தப் பகுதியைப் பாட்டி வீட்டை நினைத்துக்கொண்டே சோதித்துவிடலாம்.

இங்கே உள்ளவர்கள் தண்ணீர் குடிக்கும்போது பாத்திரம் உதட்டில் படாது, தூக்கி ஊற்றிக்கொள்வார்கள் என்கிறார். வேற்று ஆள் பாத்திரம் இல்லாமல் வந்து தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுவார்கள். சாப்பிடுவது வலது கையால் மட்டும், சுத்தம் செய்கிற வேலைகளுக்கு இடது கை. தினமும் குளிப்பார்கள். தரையில் உட்காருவார்கள், மன்னர் உட்பட. ஓர் இலையை வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்து எப்போதும் மென்றுகொண்டே இருப்பார்கள், அதன் பெயர் தெம்பூல். தாம்பூலம்தான், வெனிஸ் வாயில் நுழைந்து வெளியே வந்திருக்கிறது. மன்னரின் பெயரைக்கூட சோந்தர் பாந்தி தாவர் என்கிறார். சுந்தர பாண்டியத் தேவர்! ஐந்து சகோதரர்கள் சேர்ந்து நாட்டை ஆண்டார்கள் என்ற தகவலும் உண்டு. பாண்டிய நாட்டில் ஒரே சமயத்தில் பல அரசர்கள் பிரித்து ஆண்டது கல்வெட்டுகளில் தெரிந்த விஷயம்.

முத்துக்குளிப்பில் அவர் காட்டும் விவரம் இன்னும் ருசியானது. முத்துக் குளிப்பவர்களைச் சுறா தாக்காமல் இருக்க மந்திரம் போட ஆட்களை வைத்திருப்பார்கள், கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. மன்னருக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரம் பகலில் மட்டும்தான். ராத்திரி அதை எடுத்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாது என்பதற்காக. கட்டுக்கதை மாதிரி இருக்கிறதா? 19-ஆம் நூற்றாண்டு இலங்கையில் பிரிட்டிஷ் அரசு நடத்திய முத்துக்குளிப்பிலும் கடல்கட்டி என்ற பெயரில் இந்த ஆள் இருந்தார். அவர் வராமல் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசே கூலி கொடுத்து வைத்திருந்தது.

குதிரை வியாபாரமும் அப்படித்தான். அரேபியாவில் இருந்தும் பாரசீக வளைகுடாவில் இருந்தும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, லாடம் அடிக்கிறவர் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று வியாபாரிகளே அவர்களை வர விடுவதில்லை என்கிறார். அதே காலகட்டத்தில் வாழ்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இங்கே குதிரைகள் தீனி சரியில்லாமல் சாவதைத் தனியாக எழுதியிருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

தான் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. கடன் வாங்கியவர் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். கடனைத் தீர்க்காமல் வட்டத்தைத் தாண்டினால் மரண தண்டனை. மன்னரே ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பணம் பாக்கி வைத்திருந்தார். ஒருநாள் மன்னர் குதிரையில் வந்தபோது அந்த வியாபாரி குதிரையைச் சுற்றி வட்டம் போட்டார். மன்னர் நின்றார். பணம் வந்து சேரும்வரை நகரவில்லை. மன்னர் நின்ற காட்சிக்கு மார்கோவைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆனால் வட்டம் போடும் வழக்கம் இருந்தது. சுமார் 200 வருடம் கழித்து கோழிக்கோட்டுக்கு வந்த வர்தேமா என்ற இத்தாலியப் பயணியும் அதை விவரிக்கிறார்.

சரி, தவறே இல்லையா? இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு வாராவாரம் நல்லெண்ணெய் தேய்க்கிறார்கள் என்று பார்த்தவர், அது குழந்தை இன்னும் கறுப்பாக வேண்டும் என்பதற்காக என்று முடிவு கட்டிவிட்டார்! இங்கே கறுப்புதான் அழகு, கடவுளுக்குக் கறுப்பு, பேய்க்கு வெள்ளை என்பது அவருக்குக் கிடைத்த விளக்கம். ஃபேர்னஸ் கிரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதைப் படிக்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். எண்ணெய்க் குளியல் உண்மை. காரணம் அவருடைய ஊகம். கண் சரியாகப் பார்த்திருக்கிறது, பேச்சுதான் புரியவில்லை.

அவர் சொன்ன காயல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயல் என்று 19-ஆம் நூற்றாண்டில் அடையாளம் காட்டியவர் நம்ம கால்டுவெல்தான். அங்கே மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகளையும் அவர் கண்டார்.

பார்த்ததும் கேட்டதும்

மீடியா ஸ்டடீஸ் முதல் வருடத்தில் சொல்லித் தருவார்கள்: நீ பார்த்தாயா, பார்த்தவரிடம் கேட்டாயா, கேட்டவரிடம் கேட்டாயா? மார்கோ போலோவை இந்த மூன்று கூடையில் போட்டுப் பார்த்தால் நிறைய தெளிவாகிவிடும். ஆந்திரக் கரையில் ஒரு ராணி நீதியோடு ஆள்கிறார் என்பது சரி, அது காகத்தீய ராணி ருத்ரமாதேவி. ஆனால் அவரை முந்தைய அரசரின் விதவை என்கிறார். உண்மையில் மகள். அதே பகுதியில், பாம்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் மாமிசத் துண்டுகளை வீசி, கழுகுகள் தூக்கிவரும் மாமிசத்தில் ஒட்டிய வைரங்களை எடுப்பார்கள் என்ற கதையும் வருகிறது. சிந்துபாத் கதையில் வரும் அதே பள்ளத்தாக்கு. அந்தமான்காரர்களுக்கு நாய்த் தலை. ஜப்பான் அரண்மனைக்குத் தங்கத்தில் கூரை. ஜப்பானில் அவர் கால் வைத்ததே இல்லை.

அதே மனுஷர்தான் சுமத்ராவில் காண்டாமிருகத்தைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் ஒற்றைக்கொம்பன் பற்றிச் சொல்லும் கதை எல்லாம் பொய், இது சேற்றில் புரளும் அசிங்கமான மிருகம் என்று போட்டு உடைக்கிறார். இந்தியாவில் இருந்து வந்த குள்ள மனிதர்கள் என்று விற்கப்பட்ட உடல்கள், சுமத்ராவில் குரங்கின் ரோமத்தை மழித்து, தாடியை மட்டும் விட்டுப் பதப்படுத்திய மோசடி என்கிறார். நெருப்பில் வேகாத துணி ஒரு பிராணியின் தோல் என்று ஊரே நம்பியபோது, அது மலையில் வெட்டி எடுக்கும் கனிமம் என்று சரியாகச் சொன்னார். கல்நார் என்று நாம் சொல்வது அதுதான். ஃபேக்ட் செக் செய்தவரும் அவர்தான், வதந்தியை ஃபார்வர்ட் செய்தவரும் அவர்தான்.

சுயபெருமை வரும் இடத்தில் சறுக்குகிறார், போகாத ஊரில் சறுக்குகிறார். மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எதை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று வரும்போது கிட்டத்தட்ட சறுக்குவதே இல்லை. அவர் காலத்து வாசகர்கள் இதைப் பிரித்துப் பார்க்கவில்லை. காகிதத்தைக் கொடுத்தால் பொருள் தருவார்கள் என்பதும் கறுப்புக் கல்லை எரித்துக் குளிர்காய்வார்கள் என்பதும் அவர்களுக்கு நாய்த் தலை மனிதர்களைவிட நம்ப முடியாததாக இருந்திருக்கும். தங்கக் கூரையை மட்டும் நம்பினார்கள். ஓரமெல்லாம் குறிப்பு எழுதி கொலம்பஸ் வைத்திருந்த மார்கோ போலோ பிரதி செவில் நகரத்தில் இன்னும் இருக்கிறது. 1492-ல் அவர் மேற்கே தேடிப் போனதில் அந்தத் தங்க நாடும் உண்டு. கியூபாவைக் கண்டதும் அதுதான் இது என்றுகூட நினைத்தார்.

கடைசிக் காலம்

சிறையில் இருந்து 1299-ல் வெளியே வந்த மார்கோ, கல்யாணம் செய்துகொண்டு, மகள்களைப் பெற்று, வெனிஸிலேயே வியாபாரம் பார்த்தார். பெரிய பயணம் எதுவும் போகவில்லை. சாகும் தறுவாயில், புத்தகத்தில் உள்ள பொய்களைத் திரும்பப் பெறச் சொல்லி நண்பர்கள் கேட்டதாகவும், பார்த்ததில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை என்று அவர் பதில் தந்ததாகவும் ஒரு கதை பிரபலம். அதை எழுதிவைத்தவர் ஜாகோபோ தாக்வி என்ற துறவி. அவர் அந்தப் படுக்கையின் பக்கத்தில் நின்றவர் இல்லை. மூன்று கூடையில் இது எந்தக் கூடை என்று சொல்லத் தேவையில்லை.

படுக்கையில் அவர் நிச்சயமாகச் செய்தது ஒன்று இருக்கிறது. 1324 ஜனவரி 9 தேதியிட்ட உயில். வெனிஸில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதில் சீனா இல்லை, குப்ளாய் இல்லை. மனைவி, மகள்கள், தேவாலயங்கள், கடன் பாக்கி. தன்னிடம் இருந்த தார்தாரிய அடிமை பியெத்ரோவை விடுதலை செய்து, அவர் உழைத்துச் சேர்த்தது அவருக்கே என்று எழுதி, கூடவே கொஞ்சம் பணமும் கொடுத்திருக்கிறார்.

சித்தப்பா மஃபேயோ 1310-ல் எழுதிய உயிலில் குப்ளாய் கான் தந்த மூன்று தங்கப் பட்டயங்கள் பற்றி வருகிறது. மங்கோலியப் பேரரசில் எங்கே போனாலும் குதிரையும் உணவும் காவலும் தரவேண்டும் என்ற ஆணைப் பட்டயங்கள் அவை. மார்கோ இறந்து 42 வருடம் கழித்து, 1366-ல் மகள் ஃபந்தீனா, இறந்த கணவரின் குடும்பத்தாரிடம் இருந்து அப்பாவின் சொத்தை மீட்க வழக்கு நடத்தினார். நீதிமன்றத்தில் கொடுத்த பொருள் பட்டியலில் துணி, மெத்தை, பாத்திரம் என்று வரிசையாகப் போகிறது. நடுவில் ஒரு வரி: ஆணைக்கான பெரிய தங்கப் பட்டயம், ஒன்று.